எங்கான்டோவா, வேற்றுக்கிரகவாசியா? தெற்கு லெய்ட்டேயில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2021 டிசம்பர் 16 அன்று ஒடெட் புயல் பிலிப்பைன்ஸின் சியார்காவ் தீவில் முதலில் கரையைத் தொட்டு, தெற்கு லெய்ட்டே, போஹோல், செபு என்று மேற்கே போனது. நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் தரையோடு படுத்துவிட்டன. பல ஊர்களில் மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. இந்த நிகழ்வு அதற்கடுத்த ஆண்டு, தெற்கு லெய்ட்டேயின் கடலோரக் கிராமம் ஒன்றில் நடந்தது. புயலுக்குப் பின் மனநல ஆதரவு வேலைக்காகப் போன சிறு குழுவில் நானும் இருந்தேன். செபுவானோ மொழி பேசும் உளவியலாளர் ஒருவர் குழுவின் தலைவர்; கூடவே ஒரு செவிலியர். மருத்துவ முடிவுகளை எடுத்தவர் அந்த ஊராட்சியின் சுகாதார மருத்துவர். சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சின்னச் சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு 23 வயது. செபு நகரத்துக் கால் சென்டர் ஒன்றில் வேலை. அமெரிக்க வாடிக்கையாளர்களின் அழைப்புகள் என்பதால் இரவு 9 மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் காலை 6 மணிக்கு முடியும். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நிறுவனம் சொன்னதும் ஊருக்கு வந்துவிட்டாள். புயலில் பாதி இடிந்த வீட்டின் பின்னறையை அவளுக்கு ஒதுக்கினார்கள். தகரக் கூரை. மதியம் அந்த அறைக்குள் போய் நின்றால் ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். அவள் தூங்க வேண்டிய நேரம் அதுதான். பக்கத்து வீட்டில் சண்டைச் சேவல்கள், எதிர்வீட்டில் கரோக்கே.

அறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பலெட்டே மரத்தின் அடிக்கட்டை இருந்தது. பலெட்டே என்பது ஆல், அத்தி இனத்து மரம். வேறொரு மரத்தைச் சுற்றி வேர்களை இறக்கி, கடைசியில் அதையே விழுங்கி வளரும். பிலிப்பைன்ஸில் அதன் பக்கம் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். புயல் அந்த மரத்தை வீட்டுப் பக்கம் சாய்த்துவிட்டது. கூரை மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அப்பாவும் சித்தப்பாவும் அவசர அவசரமாக ரம்பம் வைத்து அறுத்துத் தள்ளினார்கள். இப்படிப்பட்ட மரத்தைத் தொடுமுன் ‘தபி’ என்று சொல்லி, அங்கே குடியிருப்பதாக நம்பப்படும், கண்ணுக்குத் தெரியாத மறைவுலகத்தாரான எங்கான்டோக்களிடம் வழி கேட்பது வழக்கம். யாரும் கேட்கவில்லை. பாட்டி அன்றைக்கே சத்தம் போட்டிருக்கிறார்.

முதலில் கவனித்தவை

குடும்பம் எங்களிடம் வருமுன் நாலைந்து வாரங்களாகவே தொல்லை இருந்தது. மதியத் தூக்கத்தில் கண் விழிக்கிறாள்; கை கால் அசையவில்லை, குரல் எழவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உயரமான, வெளுத்த ஓர் ஆண் உருவம் நிற்கிறது. பூ வாசனை வருகிறது. வாரத்துக்கு மூன்று நான்கு முறை இப்படி. இரவு வேலையின்போது ஜன்னல் வழியே வரிசையாக வெளிச்சங்கள் தெரிந்தன என்றும் சொன்னாள். தொடையில் எப்படி வந்தது என்று தெரியாத கன்றிய தடங்கள் இருந்தன.

குடும்பத்தை உலுக்கியது ஒரு காலைப்பொழுது. ஷிப்ட் முடிந்து, ஆறேகால் மணிக்கு ரொட்டி வாங்கக் கிளம்பியவள் திரும்பவில்லை. பத்து மணி வாக்கில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை அருகே உட்கார்ந்திருந்தவளை அண்டைவீட்டுக்காரர் பார்த்தார். செருப்பு கையில் இருந்தது. ரொட்டிக்கு எடுத்துப்போன காசு அப்படியே பையில். நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்கு நினைவில்லை. யாரோ ஒரு தட்டில் கறுப்புச் சோறு நீட்டினார்கள், தான் வாங்கவில்லை, அவ்வளவுதான் ஞாபகம் என்றாள்.

கறுப்புச் சோறு என்றதும் பாட்டிக்குச் சந்தேகமே போய்விட்டது. எங்கான்டோ கொடுக்கும் சோறு கறுப்பு. தின்றால் திரும்பி வர முடியாது. விசாயாஸ் தீவுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது.

மருத்துவரிடம் போனபோது அம்மா கேட்டது வேறு: “தூக்கத்திலேயே உயிர் போய்விடுமா?” பிலிப்பைன்ஸில் ‘பங்குங்கோட்’ என்று ஒரு பயம் உண்டு. நன்றாக இருந்த ஆள் இரவில் முனகியபடி இறந்துபோவது. பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு நேர்வது. அதில் ஒரு பகுதி புருகாடா எனும் இதய மின்னோட்டக் கோளாறு என்பது இப்போது தெரியும். அதனால் மருத்துவர் அந்தக் கேள்வியைத் தட்டிவிடவில்லை, முதலில் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். சாதாரணமாக இருந்தது.

ஒரே வீட்டில் இரண்டு விளக்கங்கள்

பாட்டியின் விளக்கம் நேரானது. மரத்தில் குடியிருந்தவர் வீடிழந்து நிற்கிறார். கோபம் ஒருபக்கம், பேத்தி மேல் ஆசை ஒருபக்கம். எங்கான்டோ என்றால் உயரம், வெண்ணிறத் தோல், எடுப்பான மூக்கு, பொன்னிற முடி. மேலுதட்டுக்கு நடுவில் நமக்கெல்லாம் இருக்கும் பள்ளம் அவர்களுக்கு இருக்காது. நம் கண்ணுக்கு மரமாகத் தெரிவது அவர்கள் கண்ணுக்கு மாளிகை. சமர் தீவில் காந்தாரா, தரங்னான், பக்சாங்ஹான் ஊர்களுக்கு நடுவே பிரிங்கான் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு நகரமே இருப்பதாகச் சொல்கிறார்கள். இரவில் அதன் விளக்குகளைக் கண்டவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே அழைத்துப் போனவரின் இடத்தில் அவர் உருவில் ஒரு வாழைத்தண்டு கிடக்கும் என்பதும் கதைகளில் வரும்.

இரண்டாவது விளக்கம் செபுவிலிருந்து வந்தது. அவளோடு அதே ஷிப்டில் வேலை செய்யும் அத்தை மகன், அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “இது எங்கான்டோ இல்லை, வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிக்கொண்டு போவதுதான்” என்றான். அசைய முடியாமை, படுக்கையருகே உருவம், வானத்தில் வெளிச்சம், காணாமல் போன நேரம், உடம்பில் தடம்: அமெரிக்கர்கள் சொல்லும் பட்டியலில் ஒன்றுகூட விடுபடவில்லை. வீடியோக்களை வரிசையாக அனுப்பினான். கூடவே, ஹிப்னாசிஸ் மூலம் மறந்த நினைவுகளை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஒருவரின் தொடர்பையும் கொடுத்தான். வீடியோ அழைப்பில் ஒரு அமர்வு, கட்டணம் டாலரில்.

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பாட்டியின் பேச்சு மூடநம்பிக்கை, தான் சொல்வது அறிவியல் என்று மனதார நம்பினான். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த ஒற்றுமையைப் பலர் முன்பே எழுதியிருக்கிறார்கள். வானியலும் கணினியும் படித்த பிரெஞ்சுக்காரர் ஜாக் வாலே, 1969லேயே ஐரோப்பிய வனதேவதைக் கதைகளையும் பறக்கும் தட்டுச் சாட்சியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, 1961 ஏப்ரலில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஈகிள் ரிவரில் நடந்ததாகச் சொல்லப்பட்டது. ஜோ சைமன்டன் என்ற கோழிப்பண்ணைக்காரர், தன் முற்றத்தில் ஒரு தட்டு வந்து இறங்கியதாகவும், உள்ளே இருந்தவர்கள் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு பதிலுக்கு அப்பங்கள் கொடுத்ததாகவும் சொன்னார். அப்பத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சாதாரண மாவுப் பண்டம்தான். தண்ணீருக்குப் பதிலாகப் பலகாரம் கொடுக்கும் வேற்றுலகத்தாரை ஐரோப்பியப் பழங்கதைகளில் தேடினால் எளிதாகக் கிடைப்பார்கள். எங்கள் கிராமத்தில் அது கறுப்புச் சோறு.

தோற்றமும் அப்படியே. 1952 நவம்பரில் கலிபோர்னியப் பாலைவனத்தில் வெள்ளிக்கிரகத்து மனிதரைச் சந்தித்ததாக ஜார்ஜ் ஆடம்ஸ்கி சொன்னபோது, அந்த மனிதருக்கும் நீண்ட பொன்னிறக் கூந்தல், அழகான வெள்ளை முகம். எங்கான்டோவின் வெண்ணிறமும் நீலக் கண்ணும் 1565க்குப் பின் வந்த ஸ்பானியர்களின் சாயல் என்று பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். அந்தந்தக் காலத்தில் யாரிடம் அதிகாரமும் செல்வமும் இருந்ததோ, மறைவுலகத்தாரும் அவர்கள் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

உடம்பில் நடப்பது என்ன என்பது ஓரளவு தெளிவு. கனவு வரும் தூக்கக் கட்டத்தில் தசைகள் செயலிழந்து கிடக்கும். அந்தக் கட்டம் முடியுமுன் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, கனவு அறைக்குள்ளேயே ஓடும். இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பதும், செபுவானோவில் உரொம் என்பதும் இதைத்தான். பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும். மாணவர்களில் 28 சதவீதம் பேருக்கு வந்திருப்பதாக ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டுகிறது. தூக்கம் கெட்டவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும், ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் கூடுதல். இவள் மூன்றிலும் சேர்த்தி.

நிலைமை மோசமானது எப்போது

எங்கான்டோ என்று நம்பிய வாரங்களில் அவளுக்குப் பயம் இருந்தது, ஆனால் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்திருந்தது. கொடுத்ததைத் தின்னக் கூடாது. தலைமாட்டில் உப்பும் இஞ்சியும் வைத்துக்கொள்ள வேண்டும். வழி தவறினால் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவார், அவள் தூங்கிவிடுவாள்.

வீடியோக்கள் பார்க்கத் தொடங்கிய பத்து நாளில் ஆளே மாறிவிட்டாள். ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டினாள். மதியத்தில் தூங்கவே பயந்து, எனர்ஜி டிரிங்க் குடித்து விழித்திருந்தாள். இடது முன்கையில் ஏதோ பொருத்திவிட்டார்கள் என்று நகவெட்டியால் தோண்டத் தொடங்கினாள். காயத்தைக் கண்ட அம்மாதான் கிராமச் சுகாதாரப் பணியாளரிடம் ஓடினார். அவர் மூலம்தான் குடும்பம் எங்களிடம் வந்தது.

இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது இந்த வித்தியாசத்தைத்தான். அனுபவம் ஒன்றே; கதை மாறியதும் விளைவு மாறியது. எங்கான்டோவிடம் பேசலாம். அவருக்கு ஒரு முகவரி இருக்கிறது, ஒரு குறை இருக்கிறது, மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்வார், இடையில் பேசித் தீர்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். அந்த வீடியோக்களில் வரும் வேற்றுக்கிரகவாசிக்கு நம்மிடம் குறை எதுவும் இல்லை, கோரிக்கையும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் வருவார். தடுக்க வழியில்லை. கதைக்குள் வெளியேறும் கதவே கிடையாது.

ககயான் தே ஓரோவில் இருந்த இயேசு சபைத் துறவி பிரான்சிஸ்கோ தெமெத்ரியோ, எங்கான்டோ சந்திப்புகளைத் திரட்டிப் படித்தபோது, அவை பல நாட்டு ஷாமன்களின், அதாவது ஆவிகளோடு பேசி வைத்தியம் செய்பவர்களின், தொடக்க அனுபவங்களைப் போல இருப்பதைக் கண்டார். கலங்கிப்போனவர் சிலசமயம் மருத்துவராகவே திரும்பி வருவார். அதாவது, கலக்கத்துக்குப் பின் அந்த ஆளுக்கு ஊருக்குள் ஓர் இடம் உண்டு. எங்கள் உளவியலாளர் இதை அடிக்கடி சொல்வார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பாதுகாப்பு. காயத்துக்கு மருந்து போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு, நகவெட்டி, பிளேடு எல்லாம் அறையிலிருந்து எடுக்கப்பட்டன. தனியாகத் தூங்கவிடவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று உளவியலாளர் நேரடியாகக் கேட்டார். இல்லை, கையில் இருப்பதை எடுத்தால் போதும் என்றாள்.

அடுத்து, உடல்நோய் எதையும் தவறவிடாமல் பார்ப்பது. ரத்தச் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், கர்ப்பப் பரிசோதனை; என்னென்ன மாத்திரை எடுக்கிறாள் என்ற விசாரணை. காணாமல் போன அந்த மூன்றே முக்கால் மணி நேரம் மருத்துவரைத் தொந்தரவு செய்தது. வலிப்பு நோயில் ஒருவகை, ஆள் நடமாடிக்கொண்டே நினைவிழந்திருக்கும். அதனால் நகரத்துக்கு அனுப்பி, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தோம். குறையொன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு சாதாரண இ.இ.ஜி. வலிப்பை முற்றாக விலக்கிவிடாது என்பதால், மறுபடி நடந்தால் உடனே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அன்று காலை அவள் தூங்கி முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பது பின்னால் கணக்குப் போட்டபோது தெரிந்தது.

23 வயது, மனச்சிதைவு முதன்முறையாகத் தலைகாட்டக்கூடிய வயது. கையில் ஏதோ பொருத்தியிருக்கிறது என்ற நம்பிக்கையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. நகரத்து மனநல மருத்துவர் தொலைபேசி வழியாக அவளிடம் நீண்ட நேரம் பேசினார். விழித்திருக்கும்போது குரல்கள் கேட்கவில்லை, பேச்சு கோர்வையாக இருந்தது, “எனக்கே இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை” என்றாள். மனநோய்க்கான மருந்து வேண்டாம், தூக்கத்தைச் சரிசெய்து இரண்டு வாரம் பார்க்கலாம், மோசமானால் உடனே தொடங்கலாம் என்று முடிவானது.

மூன்றாவது, ஹிப்னாசிஸ் வேண்டவே வேண்டாம் என்ற முடிவு. இதில் உளவியலாளர் உறுதியாக இருந்தார். 1961 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் பெட்டி, பார்னி ஹில் தம்பதிக்கு ஒரு காரோட்டப் பயணத்தில் நேரம் காணாமல் போனது. 1964ல் பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் ஹிப்னாசிஸ் செய்தபோதுதான் முழுக் கடத்தல் கதை பார்னியின் வாயிலிருந்து வந்தது. சைமனே அது பெட்டியின் கனவுகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றுதான் கருதினார். ஹிப்னாசிஸ் நினைவின் துல்லியத்தைக் கூட்டுவதில்லை, நம்பிக்கையைக் கூட்டிவிடுகிறது. இன்றைக்கு மங்கலாக இருக்கும் நினைவு நாளைக்குக் கல்வெட்டாகிவிடும். அவள் நினைவில் இருந்தது ஒரு தட்டுச் சோறு மட்டும். அதை அப்படியே விட்டுவைப்பது நல்லது என்று விளக்கினோம்.

அவள் அனுபவத்தைப் பொய் என்றும் சொல்லவில்லை, உண்மை என்றும் சொல்லவில்லை. ஹார்வர்டில் ரிச்சர்ட் மெக்னாலியும் கூட்டாளிகளும் செய்து 2004ல் வெளிவந்த ஆய்வில், வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப்போனதாக நம்புகிறவர்கள் அந்த நினைவைக் கேட்கும்போது, பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களைப் போலவே அவர்கள் உடம்பும் பதறியது. இதயம் வேகமாகத் துடித்தது, வியர்த்தது. பயம் பயம்தான். அதை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு தூக்கத்தில் தசை செயலிழப்பது எப்படி என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார் உளவியலாளர். அவள் உன்னிப்பாகக் கேட்டாள். “சரி, ஆனால் வாசனை?” என்றாள். கனவில் வாசனையும் வரும் என்றார். அவள் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

நான்காவது முடிவில்தான் குழுவுக்குள் வாக்குவாதம். பக்கத்துக் கிராமத்து மனனம்பாலை, அதாவது நாட்டு வைத்தியரை, அழைக்க வேண்டும் என்று பாட்டி கேட்டார். செவிலியர் எதிர்த்தார். “நாமே போய் ஆமாம், மரத்தில் ஆள் இருந்தது என்று சொல்வது போல் ஆகாதா?” அவர் கேள்வி நியாயமானது. உளவியலாளரின் பதில்: “அவள் இப்போது இருக்கும் கதையில் தப்பிக்க வழியில்லை. பாட்டியின் கதையில் இருக்கிறது. நாம் எதையும் ஆமாம் என்று சொல்ல வேண்டாம், குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.” நான் இந்தப் பக்கம்தான் நின்றேன், இன்றும் நிற்கிறேன். பிலிப்பைன்ஸ் மக்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போவார்கள், வியாழக்கிழமை வைத்தியரிடமும் போவார்கள். இந்த இரட்டை அடுக்கைப் பற்றி பிலிப்பைன்ஸ் இயேசு சபைத் துறவியும் உளவியலாளருமான ஹாய்மே புலதாவோ 1966லேயே எழுதிவிட்டார். நாங்கள் தடுத்திருந்தால் எங்களுக்குத் தெரியாமல் இரவோடு இரவாக நடந்திருக்கும்.

வைத்தியரோடு ஒப்பந்தம்

உளவியலாளரும் மருத்துவரும் முன்கூட்டியே அந்த வைத்தியரைப் போய்ப் பார்த்தார்கள். எழுபதைத் தாண்டிய பெண்மணி. ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொண்டார்கள்: அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது, பகலில் முடித்துவிட வேண்டும். அவர் முகத்தைச் சுளித்தார். “அடிக்கிறவர்கள் வைத்தியர்கள் இல்லை” என்றார். பிறகு அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: மரத்தை வெட்டிய அப்பா நேரில் நின்று பேச வேண்டும், வேறு யாரும் அவருக்காகப் பேசக் கூடாது.

அப்பாவை யாரும் அதுவரை சரியாக விசாரித்திருக்கவில்லை. தன்னால்தான் மகளுக்கு இப்படி ஆனது என்று அவர் மாதக்கணக்கில் உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.

அந்த நாள் காலை, அகலமான எனாமல் தட்டில் தண்ணீர் ஊற்றி, மெழுகுவர்த்தியைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டார் வைத்தியர். மெழுகு தண்ணீரில் பட்டதும் வெளுத்துச் சுருங்கி, ஓரம் கிழிந்த இலை மாதிரி படர்ந்தது. அதை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவருக்குப் பெண் வேண்டாம். இருக்க இடம்தான் வேண்டும்” என்றார். பாட்டி அழுதார். பிறகு பெண்ணைச் சுற்றிச் சாம்பிராணியும் இலைகளும் போட்டுப் புகை காட்டினார்கள். அடிக்கட்டை அருகே உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சோறு, தென்னங்கள், சுருட்டு வைத்தார்கள். மறைவுலகத்தாருக்கு உப்பு ஆகாது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று, கூரைக்குப் பயந்து வெட்டினேன், கேட்காமல் வெட்டியது தப்பு என்றார். ஓடைக்கரையில் ஒரு பலெட்டே கன்றை நட்டார்.

நடுநடுவே நாங்கள் பேசவில்லை. செவிலியர் ஒருமுறை அவள் நாடித்துடிப்பைப் பார்த்தார், அவ்வளவுதான்.

தூக்கத்துக்குச் செய்தவை

இதே வாரத்தில் மற்ற வேலைகளும் நடந்தன. படுக்கை முன்னறைக்கு மாறியது. அங்கே கூரைக்குக் கீழே ஓலைத் தடுப்பு இருந்ததால் வெயில் குறைவு. பக்கவாட்டில் படுக்கச் சொன்னோம். நள்ளிரவுக்குப் பின் காபியும் எனர்ஜி டிரிங்கும் கிடையாது. பகல் ஷிப்ட் கேட்டு மருத்துவர் கடிதம் கொடுத்தார். நிறுவனம் உடனே மாற்றவில்லை; ஆறு வாரம் இழுத்தடித்து, ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களுக்கான பிரிவில் இடம் கொடுத்தது. அந்தப் பிரிவின் வேலைநேரம் பெரும்பாலும் பகல்.

அசைய முடியாமல் போகும்போது முழு உடம்பையும் உலுக்க முயலாமல் கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டப் பார், மூச்சை எண்ணு என்று உளவியலாளர் சொல்லிக் கொடுத்தார். வளைகுடாவில் தெரிந்த வெளிச்ச வரிசையை அப்பாவே ஓர் இரவு கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்: மீன்களை இழுக்கப் பெரிய விளக்குகள் கட்டிய படகுகள். ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாததல்ல. தூக்கமில்லாத கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

பின்பு நடந்தவை

சடங்கு நடந்த மூன்றாம் நாளே மறுபடி அமுக்கியது. உருவமும் நின்றது. ஆனால் இம்முறை கட்டைவிரலை ஆட்டினாள், மனதுக்குள் ‘தபி’ என்றாள், விடுபட்டாள். இரண்டில் எது உதவியது என்று அவளிடம் நாங்கள் கேட்கவில்லை.

கையைத் தோண்டுவது அந்த வாரத்திலேயே நின்றது. உளவியலாளர் விசாரித்தபோது, “மரக்காரர் கையில் ஏதும் வைக்க மாட்டார்” என்றாள். பாட்டியின் கதைக்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. செவிலியரும் அன்று தன் எதிர்ப்பைக் கைவிட்டார்.

அதே சமயம், தூக்க முடக்கம் சடங்கோடு போய்விடவில்லை. வாரத்துக்கு மூன்று நான்கு என்பது ஒன்றிரண்டாகக் குறைந்து, அங்கேயே நின்றது. பகல் ஷிப்ட் கிடைத்து இரவில் தூங்கத் தொடங்கிய பிறகுதான் மாதத்துக்கு ஒன்று என்று ஆகி, பிறகு நின்றது. பயத்தைக் குறைத்தது சடங்கு, முடக்கத்தை நிறுத்தியது தூக்கம் என்பது என் கணிப்பு. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் இதை நிரூபிக்க முடியாது.

இடையில் ஒரு சறுக்கல். ஹிப்னாசிஸ்காரர் விடாமல் செய்தி அனுப்பினார், கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் மறுபடி தூக்கம் போனது. அத்தை மகனை நேரில் வரவழைத்துப் பேசினோம். அவன் மேல் பழி போடாமல், அவன் அக்கறையை வேறு பக்கம் திருப்பினார் உளவியலாளர்: “அவள் ஷிப்ட் மாற்றத்துக்கு நீ மேலாளரிடம் பேச முடியுமா?” பேசினான். தொடர்பை அவளே பிளாக் செய்தாள்.

நேரம் காணாமல் போவது நாங்கள் தொடர்பில் இருந்த காலம் வரை மீண்டும் நடக்கவில்லை. ஓராண்டுக்குப் பின் உளவியலாளர் பேசியபோது வேலையில் இருந்தாள், நன்றாகத் தூங்கினாள், மருந்து எதுவும் இல்லை. தூக்க முடக்கம் பற்றிய விளக்கத்தைத் தன் ஷிப்ட் தோழிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதே மூச்சில், அன்று அறையில் ஒருவர் நின்றது உண்மைதான் என்றும் சொன்னாள்.

இனி மாற்ற வேண்டியவை

முதல் சந்திப்பிலேயே தூக்க அட்டவணை எழுதி வாங்க வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தாள், எந்த அறையில், எவ்வளவு வெயில், யார் பக்கத்தில் என்பதுவரை. புயலுக்குப் பிந்தைய மனநலப் படிவங்கள் இழப்பையும் துக்கத்தையும் கேட்கின்றன. இரவு ஷிப்டைக் கேட்பதில்லை.

அவள் அனுபவத்தை, வீட்டாரும் உறவினரும் விளக்கம் சொல்லுமுன், அவள் சொற்களிலேயே ஒருமுறை எழுதிவைக்க வேண்டும். எங்களிடம் வந்தபோது பூ வாசனையும் கறுப்புச் சோறும் முதல் நாளே சொன்னவையா, பாட்டி கேட்டபின் சேர்ந்தவையா என்று பிரித்தறிய வழியில்லாமல் இருந்தது. கிராமச் சுகாதாரப் பணியாளர்தான் இப்படிப்பட்டவர்களை முதலில் பார்க்கிறவர். வழிநடத்தாத கேள்விகளை அவருக்குப் பயிற்சியில் சேர்க்க வேண்டும். “என்ன நடந்தது, அப்புறம்?” என்ற இரண்டு கேள்வி போதும்.

இ.இ.ஜி.யைத் தூக்கம் குறைத்த நிலையில் எடுத்திருந்தால் வலிப்பு பற்றி இன்னும் நம்பிக்கையோடு பேசியிருக்கலாம். அதற்குப் போக்குவரத்துச் செலவைத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.

வட்டாரத்து நாட்டு வைத்தியர்களோடு பேச்சுவார்த்தையை ஒரு நோயாளி வரும்வரை தள்ளிப்போடக் கூடாது. அடி, பட்டினி, கஷாயம் கூடாது என்ற நிபந்தனைகளையும், எந்த அறிகுறி கண்டால் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் முன்பே ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்மணி இப்போது வலிப்பு, காய்ச்சலோடு பிதற்றல், பிள்ளை பெற்றபின் வரும் கலக்கம் ஆகிய மூன்றையும் நேராக ஊராட்சி மருத்துவரிடம் அனுப்புகிறார். மருத்துவரும் அவரிடம் ஓரிருவரை அனுப்பியிருக்கிறார்.